கடல் கொள்ளவில்லை, சட்டம் கொண்டது!

ஓர் ஊர் எவ்வாறு அழியும்? கடல்கோளால் அழியும்; நிலநடுக்கத்தால் அழியும்; கொள்ளைநோயால் அழியும்; பகைவர் மூட்டும் எரியால் அழியும். இவ்வழிவுகளையெல்லாம் மாந்த இனம் தொன்றுதொட்டு அறியும். ஆயின், நன்கு உடுத்த பெருமக்கள் நூற்றுக்கணக்கில் அமர்ந்த ஓர் அவையிலே, ஒரு துளிக் குருதியும் சிந்தாமல், தாளும் மையும் மட்டுமே கொண்டு, முறையாகவும் ஒழுங்காகவும் ஓர் ஊரை அழித்துவிட முடியும் என்பதை இருபதாம் நூற்றாண்டு காட்டிற்று. அவ்வாறு அழிக்கப்பெற்ற ஊரின் பெயர் காப்பெல் கெலின். வேல்சு நாட்டின் வடபாலில், திரவெரின் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில் அஃது இருந்தது. ‘இருக்கின்றது’ என்று எழுத வழியில்லை. 1965ஆம் ஆண்டு முதல் அது நீருக்கடியில் கிடக்கின்றது. அதன்மேல் நிற்பது மழை தந்த நீர்தான், ஆனால், அந்நீரை அங்கே நிறுத்தியது மழையன்று, சட்டம்!

பள்ளத்தாக்கு முழுவதிலும் வாழ்ந்தோர் அறுபத்தேழு பேர். அழிந்தவை பன்னிரண்டு வீடுகளும் பண்ணைகளும். “இத்துணைச் சிறிய ஊருக்கு இத்துணைப் பெரிய அழுகையா?” என்று கேட்பார் உளர். அவர்க்கு விடை கூறவே இக்கட்டுரை. ஏனெனில், அவ்வூரை அமிழ்த்தியது அணை மட்டும் அன்று. அவ்வினாவும் சேர்ந்தே அமிழ்த்தியது. ‘சிறியதுதானே!’ என்னும் ஒரு சொல்லைக் கொண்டே வல்லாளர் எளியவர்தம் நிலத்தையும் மொழியையும் விழுங்கி வந்துள்ளனர். அச்சொல்லின் பொய்ம்மையைக் காப்பெல் கெலினின் கதை நன்கு விளக்கும்.

முதற்கண், அவ்வூர் இருந்த நிலத்தைக் காண்போம். வேல்சின் வடமேற்கில் மெரியோனித்து என்பது ஒரு பழைய மாவட்டம். அங்கே இரண்டு மலைகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று பெரிய அரெனிகு. அதன் உயரம் 854 மீட்டர். மற்றொன்று சிறிய அரெனிகு. அதன் உயரம் 689 மீட்டர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தாழ்வே திரவெரின் பள்ளத்தாக்கு. மேற்கே ஒரு சிற்றேரியில் ஆறு தோன்றுகின்றது. கிழக்கு நோக்கி இறங்குகின்றது. பாலா என்னும் சிறு நகரின் அருகே, ஆங்கிலர் ‘டீ’ என்றும் அந்நாட்டார் ‘தவுர்துவி’ என்றும் அழைக்கும் பேராற்றிற் கலக்கின்றது. அப்பேராறு இங்கிலாந்தின் செசுட்டர் நகரைத் தொட்டுக் கடலை அடைகின்றது. மழை மிக்க மலைநாடு அது. மேட்டில் சதுப்பும் புல்லும். சரிவில் ஆட்டு மந்தைகள். தாழ்வில் ஆற்றோரப் புல்வெளிகளும், காரையின்றி அடுக்கிய கற்சுவர்களும், அவற்றிடையே பண்ணை வீடுகளும். இதுவே அவர்தம் உலகம்.

ஊர்ப்பெயரையும் அறிதல் வேண்டும். ‘காப்பெல்’ என்றால் தொழுகைமனை. ‘கெலின்’ என்பது முள்முனை இலைகளும் செந்நிறக் கனிகளும் கொண்டு, கடுங்குளிரிலும் பசுமை மாறாது நிற்கும் ஒரு மரம். அம்மரத்தின் பெயரையே அப்பள்ளத்தாக்கின் ஓடை ஒன்றும் தாங்கி நிற்கின்றது. மரமும் ஓடையும் மனையும் ஊரும் ஒரே சொல்லால் கோக்கப்பட்டிருந்தன. ஒரு மக்களினம் தன் நிலத்தோடு எவ்வளவு காலம் உரையாடியிருந்தால் இத்தகைய பெயர் பிறக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

அப்பள்ளத்தாக்கிற்கு ஒரு பழைய மறவரலாறும் உண்டு. பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில், அரசு சார்ந்த திருச்சபையை ஏற்காமல் தம் உள்ளொளியின்படி வழிபட்ட குவேக்கர் என்னும் நெறியினர் அங்கே வாழ்ந்தனர். அவோத் வாதொகு என்னும் பண்ணைமனையில் அவர்கள் கூடித் தொழுதனர். தம் இறந்தோரை அதன் அருகிலேயே புதைத்தனர். ஆட்சியாளரின் ஒறுப்புத் தாங்காமல் அவருள் பலர் கடல் கடந்து வட அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்தனர். இன்று அந்த மனையும் புதைநிலமும் இருந்த இடம் நீருக்கடியில். ஏரிக்கரையில் ஒரு நினைவுக்கல் மட்டும் அச்செய்தியைக் கூறி நிற்கின்றது. ஒரு காலத்தில் மன்னராட்சி அவ்வூர் மக்களை ஊரைவிட்டு விரட்டியது. பிற்காலத்தில் மக்களாட்சி என்று தன்னை அழைத்துக் கொண்ட ஆட்சி, ஊரையே மக்களிடமிருந்து விரட்டியது!

இனி, இச்செய்தியின் உயிரான பகுதிக்கு வருவோம். காப்பெல் கெலினில் தொழுகை வேல்சு மொழியில் நடந்தது. பள்ளியில் குழந்தைகள் வேல்சு மொழியில் ஓதினர். அஞ்சல் நிலையத்தில், ஆட்டுக் கொட்டிலில், தாலாட்டில், ஒப்பாரியில், வாய்ச்சண்டையில், திருமணப் பேச்சில் அம்மொழியே ஒலித்தது. ஆங்கிலம் அங்கே வெளியிலிருந்து வரும் மொழியாகவே இருந்தது. இத்தகைய ஊர் அந்நாட்டில் எஞ்சியிருந்த சிலவற்றுள் ஒன்று.

ஏன் சிலவே எஞ்சின? அம்மக்கள் தம் நாட்டைக் ‘கும்ரி’ என்கின்றனர். ஒரு நிலத்து உடன்வாழ்வோர் என்னும் பொருளில் வேரூன்றிய பெயர் அது. ‘வேல்சு’ என்பதோ ஆங்கிலர் இட்ட பெயர். ‘அயலார்’ என்னும் பொருள் கொண்ட பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது. தம் சொந்த நிலத்திலேயே அயலார் எனப் பெயர் சூட்டப்பெற்ற மக்கள் அவர்கள்! 1536ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டை இங்கிலாந்துடன் பிணைத்தது. முறைமன்றங்களில் ஆங்கிலமே வழங்க வேண்டும் என்றது. வேல்சு மொழி மட்டும் பேசுவோர்க்கு அரசுப் பதவி இல்லை என்றது. 1588இல் வில்லியம் மார்கன் என்பார் கிறித்தவ மறைநூலை முழுமையாக வேல்சு மொழியில் பெயர்த்தமையால், ஆட்சியில் இடமிழந்த மொழி தொழுகைமனையில் உயிர் பிழைத்தது. 1847இல் அந்நாட்டுக் கல்வியை ஆராய வந்த மூன்று ஆணையர்க்கு வேல்சு மொழியே தெரியாது. அம்மூவரும் அம்மொழியையும் அதைப் பேசுவோரின் ஒழுக்கத்தையும் இழித்து அறிக்கை எழுதினர். அந்நூற்றாண்டில், தாய்மொழி பேசிய சிறுவரின் கழுத்தில் மரப்பலகையைத் தொங்கவிட்டு ஒறுத்த பள்ளிகளும் இருந்தன. 1901இல் அந்நாட்டு மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வேல்சு மொழி பேசினர். 1961இலோ நூற்றுக்கு இருபத்தாறு பேரே பேசினர். இவ்வாறு தேய்ந்து வந்த ஒரு மொழிக்கு, அம்மொழி மட்டுமே ஆளும் ஒவ்வொரு சிற்றூரும் ஓர் ஊற்றுக்கண்ணாகும். ஊற்றுக்கண்ணின் அகலத்தை அளந்து அதன் மதிப்பைக் கூறுவான் அறிவுடையானோ?

அந்த ஊற்றுக்கண்மேல்தான் இலிவர்பூல் மாநகராட்சியின் பார்வை விழுந்தது. அம்மாநகர்க்கு வேல்சின் நீர் புதிதன்று. 1880களிலேயே அது வெர்னுவிப் பள்ளத்தாக்கில் அணை கட்டி, இலானுதின் என்னும் ஊரைத் திருச்சபையோடும் வீடுகளோடும் அமிழ்த்தியிருந்தது. பின்னர் 1893இல் தொடங்கிப் பர்மிங்காம் மாநகரும் ஏலான் பள்ளத்தாக்கில் அவ்வாறே செய்தது. ஒருமுறை விழுங்கிச் சுவைகண்ட வாய் மறுமுறை கேட்டா உண்ணும்? 1955ஆம் ஆண்டின் இறுதியில் திரவெரின் திட்டம் வெளிப்பட்டது. தம் வீடுகள் மூழ்கப்போகின்றன என்பதை அவ்வீடுகளில் வாழ்ந்தோர் செய்தித்தாள் வழியே அறிந்தனர். வீட்டுக்கு உரியவனைக் கேளாமலே அவன் வீட்டின்மேல் ஏரி வரையப்பட்டுவிட்டது!

எளியோர் வாளாவிருக்கவில்லை. 1956ஆம் ஆண்டு காப்புக்குழு ஒன்றை அமைத்தனர். அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள், வேல்சு நாட்டுரிமைக் கட்சியாகிய ‘பிலைடு கும்ரி’யின் தலைவர் குவின்வோர் எவன்சு, ஊரார் சார்பில் இலிவர்பூல் மாமன்றத்தில் பேச எழுந்தார். மாமன்ற உறுப்பினர் கூச்சலிட்டனர், மேசைகளைத் தட்டினர், அவரைப் பேசவொட்டாமல் செய்தனர். அதே திங்கள் 21ஆம் நாள், ஊரே திரண்டு இலிவர்பூலுக்குச் சென்றது. முதியோரும் பெண்டிரும் பள்ளிச் சிறாரும் அம்மாநகரின் தெருக்களில் நடந்தனர். “உங்கள் வீடுகளுக்கு ஓர் ஊறும் இல்லை, எங்கள் வீடுகளையும் காத்துத் தாருங்கள்” என்னும் பொருள்பட எழுதிய பதாகைகளை அவர்கள் ஏந்திச் சென்றனர். அவர்கள் கையில் கல்லில்லை, நாவில் வசையில்லை. அறுபத்தேழு பேர் ஏழு இலக்கத்திற்கும் மேற்பட்டோர் வாழ்ந்த மாநகரிடம் சென்று இரந்து நின்றனர். மாநகர் இரங்கவில்லை.

இதனினும் கொடிய நகைமுரண் ஒன்றுண்டு. அந்த இலிவர்பூலைக் கட்டியவருள் வேல்சு நாட்டாரும் அடங்குவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல்லாயிரவர் அங்குக் குடியேறினர். தெருத்தெருவாக வீடுகளைக் கட்டினர். இன்றும் ‘வேல்சுத் தெருக்கள்’ என்றே ஒரு பகுதி அழைக்கப்படுகின்றது. வேல்சு மொழியின் மாபெரும் பாட்டு இசை விழாவாகிய எய்சுதெத்வோது 1884இலும் 1900இலும் 1929இலும் இலிவர்பூலிலேயே நடந்தது. தனக்கு வீடு கட்டிய கைகளின் வீட்டையே அம்மாநகர் இடித்தது!

இனிச் சூழ்ச்சியின் நடுவத்தைக் காண்போம். ஓர் ஊரில் அணை கட்ட வேண்டுமாயின், அவ்வூர் அடங்கிய உள்ளாட்சியின் இசைவைப் பெறுதலே இயல்பான வழி. அவ்வழியே சென்றிருப்பின், வேல்சின் உள்ளாட்சிகள் கதவை அடைத்திருக்கும். இதை நன்கறிந்த இலிவர்பூல், அக்கதவைத் தட்டவே இல்லை. நேரே இலண்டன் நாடாளுமன்றத்துக்குச் சென்றது. தனக்கென ஒரு தனிச்சட்ட வரைவைக் கொணர்ந்தது. நாடாளுமன்றமே இசைவு தந்துவிட்டால் வேறு எவர் இசைவும் வேண்டா அல்லவா? 1957 ஆகத்து முதல் நாள் அவ்வரைவு சட்டமாயிற்று. வேல்சிலிருந்து அந்நாடாளுமன்றத்துக்குச் சென்றிருந்த உறுப்பினர் முப்பத்தறுவர். அம்முப்பத்தறுவருள் ஒருவரேனும் அச்சட்டத்திற்குச் சார்பாக ஒப்பமளிக்கவில்லை. கட்சி வேறுபாடு கடந்து ஒரு நாடே ‘வேண்டா’ என்றது. ஆயினும் சட்டம் நிறைவேறிற்று! வேல்சு நலன்களுக்கெனப் பொறுப்பேற்றிருந்த அமைச்சர் என்றி புரூக்கு, அத்திட்டத்திற்குத் துணை நின்றார். அவரோ இலண்டன் மாநகரின் ஆம்சுடெடு தொகுதியிலிருந்து தேர்வு பெற்றவர். வேல்சு மக்கள் அவரைத் தேர்ந்தெடுக்கவும் இயலாது, வீழ்த்தவும் இயலாது. ஆட்டுக்குக் காவலன் ஓநாயின் ஊரிலிருந்து வந்தான்!

இங்கேதான் நாம் ஊன்றி நோக்க வேண்டும். “சட்டப்படி நடந்தது, குடியாட்சி முறைப்படி நடந்தது, பெரும்பான்மை முடிவுக்குச் சிறுபான்மை பணியத்தானே வேண்டும்?” என்று வாதிடுவார் உளர். பெரும்பான்மை எதனுள் பெரும்பான்மை என்பதைக் கேட்க அவர்கள் மறந்தனர். ஒரே வீட்டார் தம்முள் கருத்து வேறுபட்டுக் கைதூக்கி முடிவு செய்வது குடியாட்சி. பத்து வீட்டார் கூடி, பதினோராவது வீட்டானின் கிணற்றைத் தமக்கென எழுதிக்கொள்வது குடியாட்சியோ? அவன் ஒருவன், அவர் பதின்மர். கணக்குச் சரிதான்; ஆனால் அஃது ஆட்சிக் கணக்கன்று; கொள்ளைக் கணக்கு. வேல்சின் உறுப்பினர் முப்பத்தறுவரும் அவையில் இருந்தும் இல்லாதவராயினர். தன் முடிவைத் தானே செய்ய இயலாத நாட்டுக்கு, பிறர் அவையில் தரப்படும் இருக்கைகள் வெறும் இருக்கைகளே, அவை உரிமையாகா.

“மாநகரின் ஏழைத் தொழிலாளர்க்கு நீர் வேண்டாவா?” என்பது அடுத்த வாதம். வேண்டும், உறுதியாக வேண்டும். நீரின் இன்றியமையாமையை வள்ளுவப் பெருந்தகை வழியில் கற்றவர் நாம், தாகத்தை இகழமாட்டோம். ஆனால், தாகம் கேட்கும் உரிமையைத் தரும். பறிக்கும் உரிமையைத் தராது. நீருக்கு உரிய மக்களைக் கேட்டு, அவர் காட்டும் இடத்தில், அவர் கூறும் முறையில் பெற்றால் அது கொடை. கேளாமல் எடுத்தால் அது களவு. எடுத்தவன் தாகமுற்றவன் என்பதனால் களவு கொடையாகிவிடாது. மேலும், அந்நீர் மாநகருக்குச் சென்ற வகையைக் கேளுங்கள். ஏரியிலிருந்து இலிவர்பூல் வரை குழாயிட வேண்டிய தேவையும் இல்லை. மழைக்கால நீரைத் தேக்கி, வறண்ட காலத்தில் திரவெரின் ஆற்றிலேயே திறந்துவிட, அது பேராற்றோடு கலந்து ஓடி, செசுட்டர் அருகே வந்ததும் அங்கே இறைத்துக் கொள்ளப்படுகின்றது. ஒரு மக்களின் ஊர் மற்றவர் கைத்திருகு குழாயின் தொட்டியாயிற்று. அவர்தம் ஆறே அத்தொட்டியின் குழாயாயிற்று!

சட்டம் நிறைவேறிய பின் நடந்தவை இவை. பாலாவிலிருந்து அப்பள்ளத்தாக்கின் வழியே பிளைனௌ பெசுதினியோகு வரை சென்ற இருப்புப்பாதை மூடப்பட்டது. 1963இல் பள்ளி மூடப்பட்டது. தொழுகைமனையில் இறுதி வழிபாடு நடந்தது. பின்னர் வீடுகளும் மனையும் இடிக்கப்பட்டன, மரங்கள் வெட்டப்பட்டன. இறந்தோரையும் விட்டாரில்லை. உறவினர் விருப்பப்படி ஒரு சிலரின் எச்சங்கள் மட்டும் தோண்டியெடுக்கப்பட்டு வேற்றிடங்களில் புதைக்கப்பட்டன. எஞ்சியோர் கிடந்த புதைநிலத்தின்மேல் கற்காரை பரப்பப்பட்டது. அறுபத்தேழு பேருள் நாற்பத்தெண்மர் வீடிழந்தனர். ஏறத்தாழ 800 ஏக்கர் நிலம் நீருள் மறைந்தது. இரண்டரைக் கல் நீளமும், ஆழமான இடத்தில் 140 அடி ஆழமும் கொண்ட அவ்வேரிக்குக் ‘கெலின் ஏரி’ என்றே பெயரிட்டனர். ஊரைக் கொன்று அதன் பெயரை மட்டும் கொன்றவன் சூடிக்கொண்டான்!

கேட்டும் இரந்தும் பயனில்லாதபோது, இளைஞர் சிலர் வேறு வழியை நாடினர். 1962இல் இருவர் கட்டுமானக் களத்தின் மின்மாற்றியிலிருந்து எண்ணெயைத் திறந்துவிட்டனர். 1963 பிப்பிரவரியில் மூவர் அங்கு ஒரு மின்மாற்றியை வெடிவைத்துத் தகர்த்தனர். அவருள் ஒருவரான எமிர் இலெவலின் என்னும் மாணவர் ஓராண்டுச் சிறை பெற்றார். வெடிகுண்டு வழியை நாம் போற்றவில்லை. ஆனால், முப்பத்தறுவர் அவையிற் கூறிய சொல்லை எவரும் செவிமடுக்காத நாட்டில், அவ்வெடியோசையை உண்டாக்கியவர் யாவர் என்பதைக் கேட்கும் கடமை நமக்குண்டு. ஒரு மின்மாற்றியை உடைத்தவனுக்குச் சிறை. ஓர் ஊரையே உடைத்தவர்க்குத் திறப்புவிழா!

அத்திறப்புவிழா 21.10.1965 அன்று நடந்தது. விருந்தினர் வந்தனர், பந்தல் போட்டிருந்தனர், வேல்சு மக்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு முழக்கமிட்டனர். ஒலிவாங்கியின் கம்பி அறுக்கப்பட்டது. மேடையில் பேசியவர் பேச்சு எவர் செவிக்கும் எட்டவில்லை. சில மணித்துளிகளில் விழா முடித்துக்கொள்ளப்பட்டது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இலிவர்பூல் மாமன்றத்தில் மேசையைத் தட்டி ஒரு மக்களின் குரலை அடக்கியவர்கள், அந்நாளில் தம் குரல் அடங்கக் கேட்டனர். வரலாறு கடன் வைப்பதில்லை.

“ஆயினும், இலிவர்பூல் பிற்காலத்தில் பொறுத்தருளக் கேட்டதே!” என்பார் உளர். கேட்டது, 2005இல், அதாவது நாற்பது ஆண்டுகள் கழித்து. அவ்வறிக்கையின் சொற்களை உன்னிப்பாக நோக்க வேண்டும். அன்றைய மாமன்றம் உணர்வு நுண்மையின்றி நடந்திருக்குமாயின் அதற்கு வருந்துவதாகவே அது கூறிற்று. பள்ளத்தாக்கு நீர்த்தேக்கமாக ‘மாற்றப்பட்டது’ என்றும் கூறிற்று. மாற்றப்பட்டதாம்! பறிக்கப்பட்டது என்றோ, கேளாமல் எடுக்கப்பட்டது என்றோ ஒரு சொல்லும் இல்லை. தன் நகரம் வேல்சு மக்களுக்கு மருத்துவத்திலும் கல்வியிலும் பெருந்தொண்டு ஆற்றியது என்பதையும் அவ்வறிக்கையிலேயே நினைவூட்டிற்று. அறைந்தவன், ‘என் கை சற்றுக் கடினமாக இருந்திருப்பின் வருந்துகிறேன்; ஆனால் இக்கையால் உனக்குச் சோறும் இட்டிருக்கிறேன்’ என்பது போன்றதே அது. வருத்தம் தெரிவித்ததை நாம் இகழவில்லை. செய்தது இன்னதென்று பெயர் சொல்லாத வருத்தம் பாதி வருத்தமே என்கிறோம்.

காப்பெல் கெலின் மூழ்கியது. ஆனால் அது வீணே மூழ்கவில்லை. 1962 பிப்பிரவரியில் சாண்டர்சு இலூயிசு என்னும் பேரறிஞர் வானொலியில் வேல்சு மொழியின் வருங்காலம் பற்றி ஆற்றிய உரை நாட்டை உலுக்கியது. அவ்வாண்டே வேல்சு மொழிக் கழகம் தோன்றியது. 1964இல் வேல்சுக்கெனத் தனி அமைச்சர் பதவி அமைந்தது. 14.7.1966 அன்று, எந்த மாமன்றம் பேசவிடாமல் தடுத்ததோ அதே குவின்வோர் எவன்சு, கார்மார்தன் இடைத்தேர்தலில் வென்று, தம் கட்சியின் முதல் உறுப்பினராக நாடாளுமன்றம் புகுந்தார். 1967இல் முதல் மொழிச்சட்டம் வந்தது. 1980இல் அவரே, வேல்சு மொழித் தொலைக்காட்சி அமைப்பதாகத் தந்த வாக்குறுதியை அரசு மீறியபோது, சாகும்வரை உண்ணாநோன்பு இருக்கப் போவதாக அறிவித்தார், அரசு பணிந்தது, 1982இல் அத்தொலைக்காட்சி தொடங்கிற்று. ஆழத்தில் புதைந்த விதை பல இடங்களில் முளைத்தது என்க.

ஆயினும், மறதி என்னும் பகைவன் உள்ளிருந்தே வருவான். 1979இல் வேல்சுக்குத் தனிப்பேரவை வேண்டுமா என்று கேட்டபோது, கருத்துரைத்த வேல்சு மக்களுள் ஐவருக்கு நால்வர் ‘வேண்டா’ என்றனர். ஊர் மூழ்கிப் பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன! அடிமைப்பட்ட இனத்தின் கொடிய நோய், பிறர் தன்னைச் சிறியவன் என்று கூறுவதன்று. தானே தன்னைச் சிறியவன் என்று நம்பிவிடுவது. 1997இல் மீண்டும் கேட்டபோது 50.3 விழுக்காட்டினர் ‘வேண்டும்’ என்றனர். மயிரிழையில் வென்றது ஒரு நாடு. 1999இல் பேரவை கூடியது. 2011இல் வேல்சு மொழி அந்நாட்டில் ஆட்சிமொழி நிலையைச் சட்டப்படி பெற்றது. இருப்பினும், 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மொழி பேசுவோர் 17.8 விழுக்காட்டினரே. சட்டம் மீட்டுத் தருவது பலகையையும் படிவத்தையும். தாலாட்டையும் சண்டையையும் மீட்டுத் தருவது ஊர். ஊரை இழந்த மொழிக்குச் சட்டம் ஊன்றுகோல் ஆகலாம், கால் ஆகாது. காப்பெல் கெலினின் இழப்பை எண்ணால் அளந்தவர்க்கு இந்த 17.8 என்னும் எண்ணே மறுமொழி.

அபெரிசுதுவித்து நகருக்குத் தெற்கே, சாலையோரத்தில், இடிந்த வீடொன்றின் சுவர் நிற்கின்றது. 1960களில் மைக்கு சுடீபன்சு என்னும் எழுத்தாளர் அதில் ‘திரவெரினை நினைவிற் கொள்ளுங்கள்’ என்று வேல்சு மொழியில் எழுதிவைத்தார். மழை அழித்தது, காலம் அழித்தது, மீண்டும் மீண்டும் எழுதப்பட்டது. 2019இல் தீயோர் அச்சுவரைச் சிதைத்தனர். உடனே மக்கள் திரண்டு அதைச் செப்பனிட்டனர். அத்தோடு நில்லாமல், நாடெங்கும் ஊர்தோறும் சுவர்களில் அதே சொற்களை எழுதினர். ஒரு சுவரை உடைத்தவர் பல சுவர்களை எழுப்பிவிட்டனர்! அவற்றை எழுதியவருள் மிகப் பலர், அவ்வூர் மூழ்கியபோது பிறந்திராத இளையோர். கண்ணாற் காணாத ஊரை நெஞ்சில் குடியமர்த்திக்கொண்டவர்கள் அவர்கள்.

‘சிறியதுதானே!’ என்பாரை இனிக் கேளுங்கள். சிறியது என்று அளந்தவன் எவன்? அவன் கையில் இருந்த அளவுகோல் எவனுடையது? ஏழு இலக்கத்தின் பக்கத்தில் நிறுத்தினால் அறுபத்தேழு சிறிது. ஒரு மொழி தன் வீட்டில் தானே தலைவியாய் வாழ்ந்த இடங்களின் வரிசையில் நிறுத்தினால் அதே அறுபத்தேழு பெரிது; மிகப் பெரிது. அளவுகோலைப் பிறன் கையில் கொடுத்துவிட்டவனுக்கு எல்லாமே சிறியதாகத்தான் தோன்றும்: தன் ஊர், தன் மொழி, இறுதியில் தானும்.

வறண்ட கோடைகளில் கெலின் ஏரியின் நீர் இறங்கும்போது, பழைய சுவர்களின் அடிக்கற்களும் வெட்டுண்ட மரங்களின் கட்டைகளும் வெளியே தெரிகின்றன. மழை வந்ததும் மறைகின்றன. நீர் மூடும், நிலம் மறவாது. நிலம் மறவாததை அதன் மக்கள் மறக்கலாமோ? தன் ஆற்றின் முடிவைத் தன் அவையில் தானே செய்யும் உரிமையை எந்த மக்கள் பெறவில்லையோ, அந்த மக்களின் ஒவ்வொரு பள்ளத்தாக்கும் எவனோ ஒருவனின் வரைபடத்தில் ஏற்கெனவே நீலநிறம் பூசப்பட்டே உள்ளது. அந்நிறத்தை அழிக்கும் கருவி ஒன்றே: தன்னாட்சி உரிமை!